நண்பனுக்கு நாலு கார்டுதான் தெரியும், ஆனால் பசங்க அவனைத்தான் வாசிக்கிறார்கள்

வியாசர்பாடியிலிருந்து 26 வயது இளைஞர் ஒருவர் ஏழு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்குப் பார்க்கும் ஒப்பந்த வேலை. 13 வயதில் சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் பிடித்தவர். பள்ளித் தோழர் ஒருவரோடு சேர்ந்து எட்டு வருடம் ராக் பேண்ட் நடத்தியிருக்கிறார். இவர் லீட், அதாவது முன்னால் மெட்டு வாசிப்பவர். தோழர் ரிதம், அதாவது பின்னணியில் தாளத்தோடு அடிப்பவர். ராக் கிட்டாரிஸ்ட் எடி வான் ஹேலனின் ‘எரப்ஷன்’ என்ற கிட்டார் வாசிப்பு 1 நிமிடம் 42 வினாடிதான் ஓடும். அதைக் கையில் கொண்டுவர இவருக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. தோழருக்கோ நாலைந்து கார்டைத் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) தாண்டித் தெரியாது. ஆனால் கானா மெட்டின் சாயலில் அவர் போட்ட ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டு, ஏரியா முழுக்கப் பரவிவிட்டது. சின்னப் பசங்க அதைத்தான் வாசிக்கிறார்கள், அவரிடம்தான் கற்றுக்கொள்ள வருகிறார்கள்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு பட்டியலை வைத்து இருவருக்கும் வாக்குவாதம். ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2003ல் வெளியிட்ட சிறந்த 100 கிட்டாரிஸ்ட்கள் பட்டியலில் ரமோன்ஸ் குழுவின் ஜானி ரமோன் 16வது இடத்தில் இருக்கிறார், வான் ஹேலன் 70வது இடத்தில். தோழர் அதைக் காட்டி, “பாத்தியா, கத்துக்குடுக்குறவன்தான்டா பெரியவன்” என்றிருக்கிறார். இவர் பசங்க முன்னாலேயே, “ஸ்கேல்னா என்னன்னு தெரியாதவன்லாம் பேசக்கூடாது” என்றுவிட்டார். (ஸ்கேல் என்றால் சுர வரிசை.) அன்றோடு பேச்சு நின்றது. இப்போது வேலையை விட்டுவிட்டுப் பத்து மணி நேரம் பயிற்சி செய்து தன்னை நிரூபிக்க நினைக்கிறார். அப்பா கிட்டாரை வித்துடு என்கிறார். சேர்ந்து பதிவு செய்த பாட்டிலிருந்து தன் சோலோவை, அதாவது தனி வாசிப்பை, நீக்கச் சொல்லலாமா என்றும் கேட்கிறார். எல்லாவற்றுக்கும் மேல் அவருடைய கேள்வி இது: “யார் சார் உண்மையிலேயே பெரிய கிட்டாரிஸ்ட்? கை வேலை தெரிஞ்சவனா, நாலு பேர் பின்னாடி வர்றவனா?”

தம்பி, வணக்கம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் பெரிதாக எழுதாமல் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் அந்தச் சுண்டுவிரல்

நாலாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி. இடது கை சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் காலையில் மரத்துப்போயிருக்கிறது, “பிராக்டிஸ் ஜாஸ்தி, அதான்” என்று எழுதியிருக்கிறீர்கள். நான் உளவியல் ஆலோசகர், கை மருத்துவர் இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் மேலே போக மனசு வரவில்லை. விரல் நுனி காய்த்துப்போவதும் முன்கை அசந்துபோவதும் பயிற்சியில் வரும். மரத்துப்போவது அந்த வகை இல்லை. எங்கோ நரம்பு அழுந்துகிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். இந்த இரண்டு விரலும் சேர்ந்து மரத்தால், முழங்கையின் உட்புறமாக ஓடும் அல்நார் நரம்பைத்தான் மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பார்கள். முழங்கையை மணிக்கணக்கில் மடக்கியே வைத்திருந்தால் அந்த நரம்புக்குக் கஷ்டம். ஷிப்ட் முடிந்து வந்து தினம் ஆறு மணி நேரம் நீங்கள் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

வியாசர்பாடியிலிருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனை கொஞ்ச தூரம்தான். கை சிகிச்சைக்கென்றே தனித் துறை வைத்து நாடு முழுக்கப் பேர் வாங்கிய இடம் அது. இந்த வாரமே போய்க் காட்டுங்கள். கிட்டார் வாசிக்கிறேன் என்பதையும் தினம் எத்தனை மணி நேரம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்கள் பார்த்துச் சொல்லும்வரை வேகப் பயிற்சி வேண்டாம்.

“டோனி அயோமி வலியைத் தாண்டி வாசிச்சவர்” என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கதையை நீங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அவர் பிளாக் சாபத் என்ற ராக் குழுவின் கிட்டாரிஸ்ட். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில், 17 வயதில், அவருடைய வலது கை நடுவிரலும் மோதிர விரலும் நுனி போயின. இடது கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்துகிற கையே அதுதான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்கவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், மெல்லிய கம்பி மாட்டினார், பின்னாளில் சுருதியையே இறக்கிக் கம்பியைத் தளர்த்திக்கொண்டார். கைக்கு வலிக்காத மாதிரி வாத்தியத்தை மாற்றினார். பிளாக் சாபத்தின் அந்தக் கனத்த சத்தத்தில் இந்த மாற்றங்களுக்கும் பங்கு உண்டு. அவரை உதாரணம் காட்டுவதென்றால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது கையைக் காப்பாற்றுவது.

70, 8, 4

இனி அந்தப் பட்டியல். அதில் 70 என்ற எண்ணைப் பார்த்ததும் உங்களுக்கு அழுகையே வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அழுகையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றரை வருடம் ஒருவருடைய வாசிப்போடு குடியிருந்தவருக்கு அது சொந்த வீட்டுக்காரரை அவமானப்படுத்திய மாதிரிதான் இருக்கும்.

ஆனால் அதே பத்திரிகை 2011ல் மறுபடி பட்டியல் போட்டது. அந்த முறை இசைக் கலைஞர்கள் பலரையும் வாக்களிக்கச் சொன்னார்கள். வான் ஹேலன் 8வது இடத்துக்கு வந்துவிட்டார். 2023ல் இன்னொரு பட்டியல் வந்தது, அதில் 4. இதே காலத்தில் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் 12லிருந்து 73க்கு இறங்கினார். கோபேன் 1994லேயே இறந்துவிட்டவர். 2003க்கும் 2011க்கும் நடுவில் அவர் ஒரு சுரம் கூடவும் வாசிக்கவில்லை, குறையவும் வாசிக்கவில்லை. வாசிப்பு அப்படியே இருக்கிறது, எண் மட்டும் ஏறி இறங்குகிறது. யாரைக் கேட்டார்கள், எதை மனதில் வைத்து அவர்கள் பதில் சொன்னார்கள் என்பதைப் பொறுத்து அது மாறியது. எட்டு வருட நட்பை நீங்கள் இருவரும் இந்த எண்ணை நம்பித்தான் உடைத்துக்கொண்டீர்கள்.

வடசென்னையில் வளர்ந்த உங்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. ராயபுரத்தில் பழைய குத்துச்சண்டை பேசும் பெரியவர்கள் பக்கத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பாருங்கள். ஒருவரைப் பற்றிப் பேச்செடுத்தால் சார்பட்டாவா, இடியப்ப நாயக்கர் பரம்பரையா என்பதில்தான் தொடங்கும். யாரிடம் கற்றார், அவரிடமிருந்து யார் யார் வந்தார்கள் என்பது ஒரு கணக்கு. கால் எப்படி நகரும், இடது கை எவ்வளவு சீக்கிரம் திரும்பி வரும் என்பது இன்னொரு கணக்கு. இரண்டையும் மணிக்கணக்கில் பேசுவார்கள், ஆனால் ஒன்றை இன்னொன்றில் கழிக்க மாட்டார்கள். கிட்டாரில் தாக்கம் என்பது இந்தப் பரம்பரைக் கணக்கு. திறமை என்பது கைக் கணக்கு.

தாக்கத்தைப் புகழோடும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சிஸ்டர் ரொசெட்டா தார்ப் 1930களின் கடைசியிலேயே தேவாலயப் பாட்டுக்குக் கிட்டாரைப் பிடித்துப் பதிவு செய்தவர். பிற்பாடு மின்கிட்டாரை அதிரவைத்தார். ராக் அண்ட் ரோலின் முதல் தலைமுறை அவரைக் கேட்டு வளர்ந்தது. அவர் இறந்தது 1973ல். ராக் அண்ட் ரோல் புகழரங்கில் அவரைச் சேர்த்தது 2018ல். நடுவில் 45 வருடம். அத்தனை காலமும் அவரிடமிருந்து வந்த வாசிப்பைப் பெயர் தெரியாமலே எத்தனையோ பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

வேகத்தைத் தாண்டியும் திறமை உண்டு

உங்கள் தோழருக்குத் திறமையே இல்லை என்று ஏழு பக்கத்திலும் ஏதோ ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எனக்கு 15 வயதில் பெரம்பூரில் ஒரு ஆங்கிலோ இந்தியப் பெரியவர் கிட்டார் சொல்லிக்கொடுத்தார். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக் கூடத்து மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக்’ என்று ஒரு சத்தம் போடும். அதுதான் எங்கள் தாளக் கருவி. ஒரே ஒரு ஈ கார்டைப் பிடிக்கச் சொல்லி, அந்த ‘டக்’கின் மேலேயே அரை மணி நேரம் அடிக்கச் சொல்வார். பத்தாவது நிமிடத்தில் கை தானாக முந்தும், இருபதாவது நிமிடத்தில் பிந்தும். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், முந்தினால் ஒரு விரலைத் தூக்குவார், பிந்தினால் இரண்டு. ஒரு மாதம் கழித்து ஒருநாள் அரை மணி நேரமும் அவர் விரல் எழவில்லை. அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

ஜானி ரமோன் செய்தது அந்த வேலைதான், பல மடங்கு வேகத்தில். கம்பியை மீட்டும் சின்ன வில்லையான பிக்கை மேலும் கீழுமாக ஓட்டினால் கைக்குப் பாதி வேலை மிச்சம். அவர் கீழ்நோக்கி மட்டுமே அடித்தார், ஒரு முழுக் கச்சேரி நேரமும், ஒவ்வொரு அடியும் ஒரே கனத்தில் விழும்படி. கை சரியான பிறகு நான்கு நிமிடம் அப்படி அடித்துப் பாருங்கள். உங்கள் தோழர் மேடையில் நாற்பது நிமிடம் தாளம் ஆடாமல் அடிப்பார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள், நான் நிறையாகப் படித்தேன்.

ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் பி.பி.கிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாக ஓட்டுகிறவர் இல்லை, கார்டு பிடிப்பதிலும் தான் கெட்டிக்காரர் இல்லை என்று அவரே சொல்லிக்கொண்டவர். ஆனால் கம்பியைத் தள்ளி ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு ஏற்றி, சரியான இடத்தில் நிறுத்தி, அங்கே மணிக்கட்டை அசைத்து நடுங்கவைப்பார். அந்த ஏற்றம் ஒரு மயிரிழை குறைந்தாலும் காதுக்குத் தெரியும், கூடினாலும் தெரியும். உங்கள் பதிவை அனுப்பியிருந்தீர்களே, கேட்டேன். வேகமான இடங்கள் பளிங்கு மாதிரி இருக்கின்றன. 50வது வினாடியில் ஒரு நீண்ட சுரத்தைத் தள்ளி நிறுத்துகிறீர்கள், அங்கே சுருதி கொஞ்சம் கீழேயே நிற்கிறது. திறமை உள்ளவர் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, இப்போது வான் ஹேலனுக்கே வருவோம். இரண்டு கையாலும் கம்பியைத் தட்டி வாசிப்பதை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஜெனிசிஸ் குழுவின் ஸ்டீவ் ஹாக்கெட் 1971லேயே அப்படி வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் 1978ல் வான் ஹேலனின் முதல் ஆல்பம் வந்த பிறகுதான் உலகம் முழுக்கப் பசங்க படுக்கையறையில் உட்கார்ந்து இரண்டு கையையும் கம்பி மேல் வைத்தார்கள். அவர் கை வேலைதான் அவருடைய தாக்கமாக மாறியது. நீங்கள் திறமைப் பக்கத்துக்கு நாயகனாக நிறுத்திவைத்திருக்கும் ஆளே இந்த இரண்டு பக்கமும் தனித்தனி இல்லை என்பதற்குச் சாட்சி. இன்றைக்கு அவரைவிட வேகமாக வாசிக்கும் இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் 1978ல் நடந்தது அவர்களால் நடக்கவில்லை.

இங்கே உங்களுக்குக் கசக்கிற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ‘எரப்ஷன்’ கைக்கு வந்தது பெரிய உழைப்பு, யாரும் அதைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அது அவர் பேசிய பேச்சு, நீங்கள் அதைப் பிசகாமல் ஒப்பிக்கிறீர்கள். உங்கள் தோழருக்கு நாலு கார்டுதான் தெரியும், ஆனால் அந்த நாலிலும் அவர் தன் தெருப் பேச்சைப் பேசுகிறார். பசங்க அவர் பின்னால் போனது இதனால்தான் என்று நினைக்கிறேன். அவருக்கும் ஒரு குறை இருக்கிறது. மனசில் அவருக்கு ஐந்தாவது கார்டு கேட்கிற நாள் வரும், அன்றைக்குக் கைக்கு வழி தெரியாமல் நிற்பார். அந்த வழி உங்களுக்குத் தெரியும்.

‘நான் பெரியவனா’ என்று உங்களை நீங்களே அளப்பதற்கு இந்த இரண்டு கணக்குமே உதவாது. தாக்கம் மற்றவர்கள் கையில் இருக்கிறது, பயிற்சி செய்து வரவழைக்க முடியாது. வேகத்தில் எப்போதும் உங்களைவிட வேகமானவர் ஒருவர் இருப்பார். மனசில் கேட்பதை விரலால் எடுக்க முடிகிறதா என்பதை மட்டும் வாரம் ஒருமுறை பதிவு செய்து கேட்டுப் பாருங்கள்.

பாட்டு யாருக்குச் சொந்தம்?

சோலோ பற்றி வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இசையமைத்தவரின் உரிமையைத் தனியாகவும் வாசித்த கலைஞரின் உரிமையைத் தனியாகவும் வைத்திருக்கிறது. 2012ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, இதை வாசித்தவர் நான் என்று பெயர் போடக் கேட்கும் உரிமை உங்களுக்குத் தெளிவாகவே உண்டு. பாட்டில் உங்கள் பெயர் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை தாராளமாகக் கேளுங்கள். ஆனால் மனமொத்துப் பதிவு செய்து, சரி என்று வெளியிட்ட பிறகு, சண்டை வந்துவிட்டது என்பதற்காக நீக்கச் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. பணம் ஏதும் வந்தால் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வக்கீல் நோட்டீஸ் இப்போது வேண்டாம். அது போன பிறகு அந்த வீட்டு வாசலை நீங்கள் மிதிக்க முடியாது.

வேலையும் அப்பாவும்

வேலையை விடாதீர்கள். ஒப்பந்த வேலையை விட்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம் என்பது உங்களுக்கே தெரியும். அதைவிட, மரத்துப்போன கையோடு பத்து மணி நேரம் உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் வேலையும் இருக்காது, கிட்டாரும் இருக்காது. யாருக்கோ நிரூபிக்கச் செய்யும் பயிற்சியில் காது மூடிக்கொள்வதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

அப்பா விற்கச் சொல்வதற்குக் காரணம் கிட்டார் மேல் வெறுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐந்து மாதமாக மகன் கதவைச் சாத்திக்கொண்டு யாரோடும் பேசாமல் இருப்பதைப் பார்க்கிறார். அவருக்குப் பிடித்த ‘இளைய நிலா’வின் தொடக்கக் கிட்டாரை முன்பெல்லாம் அவருக்காக வாசிப்பீர்கள் என்று ஒரு இடத்தில் வருகிறது. கடைசியாக எப்போது வாசித்தீர்கள்? கை அனுமதித்தால், கதவைத் திறந்து வைத்து ஒருமுறை வாசியுங்கள். ஸ்டான்லிக்கும் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள்.

தோழரிடம் போகும்போது

ஸ்கேல் பற்றி நீங்கள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவரை வாத்தியாராக நினைத்து உட்கார்ந்திருந்த பசங்க முன்னால் சொன்னீர்கள். அதனால் மன்னிப்பையும் அவர்கள் முன்னாலேயே கேட்பதுதான் முறை. நீளமாகப் பேச வேண்டாம். “அன்னைக்கு இவங்க முன்னாடி அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடா. தப்பு என்மேலதான்” என்பது போதும். “ஆனா நீயும்...” என்று தொடர வேண்டாம். அவர் முகம் கொடுக்காமல் இருந்தால் தேநீர்கூடக் குடிக்காமல் திரும்பி வந்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி போங்கள்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்குக் கீழே, சிறிய எழுத்தில் ஒன்று இருந்தது. உங்கள் தெருமுனையில் ஒரு பையன் தோழரின் ரிஃபை ஓட்டைக் கிட்டாரில் வாசித்துக்கொண்டிருந்தான். அதில் தடித்த கம்பி அறுந்துபோய் ஐந்துதான் மிச்சம். “கேட்க நல்லா இருந்துச்சு சார். அதான் எனக்குக் கோபம்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அது. கோபத்தை ஒதுக்கிவிட்டு, நல்லா இருந்ததே என்பதை மட்டும் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள்.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் அதே தடித்த கம்பியை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, ஐந்து கம்பியில்தான் தன் புகழ்பெற்ற பாட்டுகள் பலவற்றை வாசித்தார். ஏ கம்பியை ஜிக்கு இறக்க வேண்டும், கடைசியில் இருக்கும் மெல்லிய ஈ கம்பியை டிக்கு இறக்க வேண்டும். மற்ற மூன்றும் அப்படியே இருக்கட்டும். ஜி, டி, ஜி, பி, டி. விரலே வைக்காமல் அடித்தால் ஒரு முழு கார்டு ஒலிக்கும். ஒரு விரலைக் குறுக்கே வைத்து நகர்த்தினால் அடுத்தது. அடுத்த முறை அந்தப் பையனைத் தெருமுனையில் பார்த்தால், கிட்டாரை ஒரு நிமிடம் வாங்கி இப்படிச் சுருதி சேர்த்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.